பதினேழு ஆட்டங்களை வைத்து ஒரு பெடியனை அளப்பது

2025 ஜூன் 28, சனிக்கிழமை விடியப்புறம் நாலரை மணி. விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர் ஒரு போனைச் சுற்றிக் குந்தியிருந்தம். லொஸ் ஏஞ்சலிஸில் அப்போது வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி. அங்கே ஒரு அரங்கில் பதினேழு, பதினெட்டு வயதுப் பெடியள் கோட்டும் ரையுமாகக் குடும்பத்தோடு இருந்தார்கள். முதலாவதாக வாசிக்கப்பட்ட பெயர் மத்தியூ ஷேஃபர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஹமில்ரன் நகரத்துப் பெடியன். ஐஸ் ஹொக்கியில் தடுப்பாட்டக்காரர். எடுத்துக்கொண்ட அணி நியூயோர்க் ஐலண்டர்ஸ். மேடையில் அவர் அழுதார். தாய் 2024 பெப்ரவரியில் புற்றுநோயால் இறந்திருந்தார்.

இதைப் பார்க்க எங்களுக்கு ஏன் இந்த நேரத்தில் எழும்ப வேண்டி வந்தது? எங்களில் ஒருவரின் மச்சான் ஸ்காபரோவில் இருக்கிறான். தை மாதத்தில் இருந்து அவனும் கூட்டாளிமாரும் ஒரே ஒரு விசயத்தில்தான் சண்டை. 2024 டிசம்பர் கடைசியில் உலக இளையோர் போட்டியில் ஷேஃபர் கோல் கம்பத்தோடு மோதிக் காறை எலும்பை முறித்துக்கொண்டார். அதோடு அந்த வருசம் முடிந்தது. ஈரி ஒற்றர்ஸ் என்ற இளையோர் அணிக்காக அவர் ஆடியது வெறும் 17 ஆட்டங்கள். அதே லீக்கில் மைக்கல் மீசா எண்டு ஒரு முன்கள ஆட்டக்காரர் 65 ஆட்டங்களில் 134 புள்ளிகள் எடுத்திருந்தார். 134ஐ விட்டுப்போட்டு 17 ஆட்டங்களை நம்பலாமா? ஆறு மாதம் இதே கேள்வி. "நீ அவன்ர கால் போற விதத்தைப் பாரடா" எண்டு ஒருத்தன், "எலும்பு திருப்பி முறிஞ்சா?" எண்டு இன்னொருத்தன்.

முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு கொஞ்சம் பயமாக இருந்தது. முன்பின் கண்டிராத ஒரு பதினேழு வயதுப் பெடியனின் எலும்பு, உயரம், புத்தி, பயம் எல்லாவற்றையும் பற்றித் தீர்ப்புச் சொல்லுகிற உரிமை சனத்துக்கு எங்கேயிருந்து வந்தது எண்டு தேடத் தொடங்கினம். அது ஒரு நீண்ட கதையாகப் போச்சு.

ஹொக்கி எண்டால் எங்களுக்குப் புல்தரை, வளைந்த மட்டை, மாத்தளை. இது வேற விளையாட்டு. பனித்தளத்தில் சறுக்குச் சப்பாத்தோடு ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: கோல் காப்பாளர் ஒருவர், தடுப்பாட்டக்காரர் இருவர், முன்களத்தில் மூவர். பந்துக்குப் பதிலாக 'பக்' எண்டுற கறுப்பு ரப்பர் வட்டு. ஒரு நிமிசத்துக்கும் குறைவாக ஆடி ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ட்ராஃப்ட் என்பது வருசத்துக்கு ஒருமுறை புது ஆட்களைப் பிரித்தெடுக்கும் சடங்கு. ஒழுங்கையில் கிரிக்கெட்டுக்கு ரீம் பிரிக்கிற மாதிரித்தான், ஆனால் போன வருசம் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. வேணுமெண்டே தோற்கிறார்கள் என்ற சந்தேகம் வலுத்து 1995இல் இருந்து அதற்கும் ஒரு குலுக்கல். 2025இல் ஐலண்டர்ஸுக்கு அந்தக் குலுக்கலில் வெல்ல இருந்த வாய்ப்பு 3.5 வீதம். வென்றுவிட்டார்கள்.

நாங்கள் யோசிச்சது, முந்தி ஆட்டக்காரர் தங்களுக்கு விருப்பமான அணிக்குப் போயிருப்பார்கள், பிறகு ட்ராஃப்ட் வந்து அதைக் கெடுத்திருக்கும் எண்டு. அப்படி இல்லை. முந்தி இருந்தது இதைவிட மோசம்.

என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹொக்கி லீக் 1917இல் மொன்றியலில் தொடங்கியது. 1942 முதல் 1967 வரை அதில் ஆறே ஆறு அணிகள். அவை கனடா முழுக்க இளையோர் அணிகளுக்குக் காசு கொடுத்து ஆதரவளித்தன. அந்த அணியில் ஆடுகிற பெடியன் காசு கொடுத்த பெரிய அணிக்குச் சொந்தம். இதற்கு 'சி படிவம்' எண்டு ஒரு கடதாசி இருந்தது. அதில் கையெழுத்து விழுந்தால் அந்தப் பெடியனின் தொழில்முறை வாழ்க்கை முழுக்க அந்த அணியின் கையில். வயது குறைந்தவன் எண்டால் தாய் தகப்பன் கையெழுத்து வைப்பார்கள்.

பொபி ஓர் 1948இல் ஒன்ராறியோவின் பரி சவுண்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கனனோக்வே என்ற இடத்தில் ஒரு போட்டியில் ஆடிக்கொண்டிருந்தார். பொஸ்ரன் புரூயின்ஸ் அணியின் ஆட்கள் வேறு இரண்டு பெடியளைப் பார்க்க அங்கே வந்திருந்தார்கள். வந்தவர்களின் கண் இந்தச் சின்னவனில் நின்றுவிட்டது. தன்னைவிடப் பெரியவர்களிடம் இருந்து வட்டைப் பறித்து, யாருக்கும் கொடுக்காமல், ஆட்டத்தின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொண்டு நிக்கிற பொடியன். அதற்குப் பிறகு பொஸ்ரன் செய்தது என்ன? பரி சவுண்டின் சிறுவர் ஹொக்கிக்குக் காசு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வந்து போனார்கள். 1962இல், பதினாலு வயதில், ஓர் சி படிவத்தில் சிக்கினார். பேரத்தில் ஒரு பகுதி, வீட்டின் வெளிச்சுவருக்குப் புதுப் பூச்சு. உண்மையாகத்தான் சொல்லுறம். ஹொக்கியின் வரலாற்றில் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர் எண்டு பலரும் சொல்லுகிற ஆளின் விலையில் சுவர்ப்பூச்சும் சேர்த்தி.

அந்த வருசமே ஒஷாவா ஜெனரல்ஸ் இளையோர் அணியில் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களோடு ஆடினார். தாய் மகனை அனுப்ப மறுத்ததால் முதல் பருவத்தில் வீட்டில் இருந்தபடி வார இறுதி ஆட்டங்களுக்கு மட்டும் காரில் போய்வந்தார். 1966இல் பதினெட்டு வயதில் என்.எச்.எல். 1969–70 பருவத்தில் 120 புள்ளிகள் எடுத்து லீக்கிலேயே முதலிடம். தடுப்பாட்டக்காரர் ஒருவர் அப்படி வந்தது அதுவே முதல் தடவை. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நொரிஸ் கிண்ணம் தொடர்ந்து எட்டு வருசம். அதற்குள் முழங்கால் போய்விட்டது. 1976இல் பொஸ்ரனை விட்டுச் சிக்காகோவுக்குப் போனார். பொஸ்ரன் தனக்கு அணியில் 18.5 வீதப் பங்கு தருவதாகச் சொன்னதைத் தன் முகவர் அலன் ஈகிள்சன் தனக்குச் சொல்லவே இல்லை என்பது ஓருக்குப் பிறகுதான் தெரிந்தது. அதே ஈகிள்சன்தான் ஆட்டக்காரர் சங்கத்தை 1967இல் கட்டியெழுப்பியவர். 1998இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஓர் 1978இல், முப்பது வயதில் ஓய்வு. அவர் எந்த ட்ராஃப்டிலும் தெரிவானவர் இல்லை. அவரைத் தெரிவு செய்தது ஒரு குளிர்ந்த மைதானத்தில் நின்ற நாலைந்து ஆம்பிளையளின் கண்.

ஓர் கையெழுத்து வைத்த அடுத்த வருசம், 1963 ஜூன் 5இல், மொன்றியலின் குயின் எலிசபெத் ஹோட்டலில் முதல் ட்ராஃப்ட் நடந்தது. காசு கொடுத்துப் பெடியளைச் சொந்தமாக்கும் முறையை மெல்ல மெல்ல ஒழித்து, ஆறு அணிக்கும் சம வாய்ப்புக் கொடுப்பதுதான் நோக்கம் எண்டு லீக் சொன்னது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. எடுத்தது 21 பேர். நல்ல பெடியள் எல்லாம் ஏற்கெனவே யாருக்கோ சொந்தம் என்பதால் மிச்சத்தில் பொறுக்கினார்கள். அந்த 21 பேரில் என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டமாவது ஆடியவர்கள் ஐந்தே பேர். கடைசியாக, 21ஆவதாக எடுக்கப்பட்ட ஜெரி மீஹன் 600 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். 17ஆவதாக வந்த ஜிம் மக்கெனி தடுப்பாட்டக்காரர், அவரும் 600க்கு மேல். கணிப்பு எவ்வளவு லட்சணம் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

இடையில் ஒரு துண்டுக் கதை. அந்தக் காலத்தில் மொன்றியல் கனேடியன்ஸ் அணிக்கு ஒரு விசேட உரிமை இருந்தது: மற்ற அணிகளுக்கு முன்னால் பிரெஞ்சு பேசும் கியூபெக் பெடியள் இருவரை எடுக்கலாம். 1969 ட்ராஃப்டின் முதல் இரண்டு பெயர்களும், ரெஜான் ஹூலும் மார்க் ரார்டிஃபும், அப்படித்தான் வந்தன. அதோடு அந்த உரிமை முடிந்தது. மொழி, ஒதுக்கீடு, தரப்படுத்தல் எண்டு கதைத்துக் கதைத்தே வளர்ந்த எங்களுக்கு இந்த இடத்தில் நிறையக் கேள்வி வரும். அது வேறொரு கட்டுரை.

1974இல் ட்ராஃப்ட் இரகசியமாக, போனில் நடந்தது. உலக ஹொக்கி சங்கம் என்ற போட்டி லீக் ஆட்களைக் களவெடுக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மணிக்கணக்காகப் பெயர் வாசித்துக் களைத்துப்போன பஃபலோ சேபர்ஸ் மேலாளர் பஞ்ச் இம்லாக் 183ஆவது இடத்தில் ஒரு பெயரைச் சொன்னார்: ரோக்கியோ கட்டானாஸ் அணியின் ராரோ சுஜிமோட்டோ. லீக் பதிந்துகொண்டது. அப்படி ஒரு ஆளும் இல்லை, அப்படி ஒரு அணியும் இல்லை. இம்லாக் பகிடிக்குச் சொன்ன பெயர். எங்களுக்கு இது வெறும் பகிடியாகப் படவில்லை. இல்லாத ஒருவனைத் தெரிவு செய்ய முடிந்தது எண்டால், மேசையில் இருந்த எத்தனை பேர் இருக்கிறவர்களை உண்மையில் கண்டிருந்தார்கள்?

வயது விசயத்துக்கு வருவம், ஏனெண்டால் எல்லாச் சிக்கலும் அதில்தான் இருக்கிறது. 1970களில் இருபது வயதுக்குக் குறைந்தவர்களைத் தொழில்முறை அணிகள் எடுப்பதில்லை என்பது பொது வழக்கம். 1977இல் பத்தொன்பது வயதுக் கென் லின்ஸ்மன் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போய், வேலை செய்யும் உரிமை தனக்கும் உண்டு எண்டு வழக்காடினார். வென்றார். அடுத்த வருசம் போட்டி லீக்கின் பேர்மிங்ஹாம் அணி ஒரு கூட்டமாகப் பதின்ம வயதுக்காரரை எடுத்தது. றொப் ராமேஜ், கிரெய்க் ஹார்ட்ஸ்பேர்க் என்ற இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் அதற்குள். 1979இல் இரண்டு லீக்கும் ஒன்றான பிறகு வயது இறங்கியது, 1980இல் பதினெட்டில் நின்றது. பெடியளின் பக்கத்தில் பார்த்தால் இது வெற்றி. உழைக்கிற உரிமையைப் போராடி எடுத்தார்கள். ஆனால் அதோடு தீர்ப்பும் இரண்டு வருசம் முந்திவிட்டது. இருபதில் ஒருவனை அளப்பதும் பதினேழரையில் அளப்பதும் ஒன்றல்ல. பதினெட்டில் ஒரு தீவுநிலையும் வெட்டுப்புள்ளியும் கையில் தரப்பட்டு இங்கே வந்து சேர்ந்த எங்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1979இல் முதல் பெயர் ராமேஜ், எட்டாவது ரே பூர்க். தடுப்பாட்டக்காரர் ஒருவர் என்.எச்.எல்.லில் எடுத்த மிகக் கூடிய புள்ளிகள் இன்றைக்கும் பூர்க்கின் பெயரில்தான்: 1,579.

அடுத்த வருசம்தான் கதவு திறந்தது. 1980 ஜூனில் மொன்றியல் ஃபோரம் அரங்கில் முதல்முறையாக ரசிகர்களை உள்ளே விட்டார்கள். ஏறக்குறைய 2,500 பேர் வந்தார்கள். முதல் தெரிவு அவர்களுடைய சொந்த அணிக்கு. அந்த ஊரிலேயே வளர்ந்து, அந்த ஊரிலேயே இளையோர் ஹொக்கி ஆடிய டெனி சவார் என்ற பெடியன் அங்கே இருந்தார். கனேடியன்ஸ் அவரை விட்டு, மேற்குப் புல்வெளி மாகாணமான சஸ்கச்சுவானில் வளர்ந்த டக் விக்கன்ஹைசரை எடுத்தது. பெரிய உடம்பு, நிறையக் கோல்கள். அன்றைக்குக் கணிப்பாளர் பலருடைய முதல் பெயரும் அவர்தான். சவார் மூன்றாவதாகச் சிக்காகோ போய், பிறகு ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் சேர்ந்தார். விக்கன்ஹைசர் மோசமான ஆட்டக்காரர் இல்லை, 556 ஆட்டங்களில் 111 கோல்கள். ஆனால் மொன்றியலில் ஒவ்வொரு இரவும் அவர் 'சவார் இல்லாத ஆள்'. ரசிகர்கள் விடவில்லை. 1983இல் சென் லூயிஸுக்கு மாற்றப்பட்டார். அங்கே சனத்துக்கு அவரைப் பிடித்தது. 1999 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தபோது வயது 37. சென் லூயிஸ் அணி தன் தொண்டு நிதிக்கு அவருடைய இலக்கமான 14இன் பெயரை வைத்தது.

ரசிகர் அரங்குக்குள் வந்த முதல் நாளிலேயே இப்படி ஒரு கதை தொடங்கியதை நாங்கள் சும்மா தாண்டிப் போக ஏலாமல் நின்றம். விக்கன்ஹைசர் தன்னைத் தானே எடுக்கவில்லை. தெரிவு செய்தவர்களின் கணக்குப் பிழைத்ததற்கு வட்டி கட்டியவர் அவர்.

சரி, தடுப்பாட்டக்காரர் விசயம். மச்சான் வட்டாரத்தில் எல்லாரும் ஒத்துக்கொள்ளுகிற ஒரே விசயம், தடுப்பாட்டக்காரரைக் கணிப்பதுதான் கஷ்டம் என்பது. ஏன்? கோல் அடிக்கிறவனின் வேலை கண்ணுக்குத் தெரியும். தடுப்பாட்டக்காரரின் நல்ல வேலை, ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. சரியான இடத்தில் அரை அடி தள்ளி நின்றால் எதிராளி அந்தப் பக்கம் வரவே மாட்டான். வராத எதிராளியை வீடியோத் துண்டில் எப்படிக் காட்டுவது? பிழை விட்டால் மட்டும் முழு அரங்கும் பார்க்கும். அதுவும் போக, பின்னால் நின்று முழுக் களத்தையும் வாசிக்கிற புத்தி பலருக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதில்தான் பழுக்கும். அதுவரை கண் எதைப் பிடிக்கும்? உயரத்தை.

நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் சுவீடனின் வெஸ்ரெரோஸ் நகரில் ஆடிக்கொண்டிருந்த மெல்லிய பெடியன். ஆளை இடித்து விழுத்துகிற வகை இல்லை. 1989இல் டிட்ரொய்ட் அணி அவரை மூன்றாவது சுற்றில், 53ஆவதாக எடுத்தது. இருபது பருவங்கள் அதே அணியில், 1,564 ஆட்டங்கள், நொரிஸ் ஏழு தடவை, ஸ்ரான்லி கிண்ணம் நாலு தடவை. அவருக்கு முன்னால் எடுக்கப்பட்ட 52 பேரின் பட்டியலை ஒருநாள் ஆறுதலாக வாசித்துப் பாருங்கோ. மறுபக்கம் ஸ்டெனோ ஷாரா, 206 சென்ரிமீற்றர். இவ்வளவு உயரமானவன் சறுக்கமாட்டான் எண்டு சந்தேகப்பட்டார்கள். 1996இல் 56ஆவது. 2009இல் நொரிஸ், 2011இல் பொஸ்ரனின் தலைவராகக் கிண்ணம். சின்னவன் எண்டாலும் பிழை, பெரியவன் எண்டாலும் பிழை.

2012தான் எங்களுக்கு மிகப் பிடித்த வருசம். அந்த ட்ராஃப்டின் முதல் பத்துப் பேரில் எட்டுப் பேர் தடுப்பாட்டக்காரர். தடுப்பாட்டக்காரரைக் கணிக்க இப்போது தெரிந்துவிட்டது எண்டு எல்லாரும் நம்பின வருசம் போல. நாலாவதாக எடுக்கப்பட்ட கிரிஃபின் ரைன்ஹார்ட் என்.எச்.எல்.லில் ஆடியது மொத்தம் 37 ஆட்டங்கள். 86ஆவதாகக் கொல்ற்றன் பரேக்கோ. முதல் வருசமே அவருக்குத் தகுதி இருந்தும் ஒருத்தரும் எடுக்கவில்லை. 2019இல் கிண்ணம் வென்ற சென் லூயிஸ் அணியின் முதுகெலும்புகளில் அவர் ஒருவர். 120ஆவதாக ஜேக்கப் ஸ்லேவின். அவர் 2021இலும் 2024இலும் லேடி பிங் கிண்ணம் பெற்றார். அது பண்பாக, தண்டனை வாங்காமல் ஆடுகிறவருக்கான விருது. எதிராளியைத் தடுப்பதே தொழிலான ஒருவர் விதி மீறாமல் தடுக்கிறார் எண்டால் அவர் எவ்வளவு முன்னாலேயே யோசிக்கிறார் எண்டு பாருங்கோ. பதினெட்டு வயதில் அந்த யோசனையை அளக்க ஒருவரிடமும் அளவுகோல் இருக்கவில்லை.

அளவுகோலைச் செய்யப் பார்த்தவர்கள் ரசிகர்கள். இந்தப் பகுதியை வாசிக்கும்போது எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. 2000களில், வேறு வேலை செய்துகொண்டு இரவில் ஹொக்கி எழுதுகிறவர்கள், ஒரு ஆட்டக்காரர் களத்தில் நிற்கும் நேரத்தில் இரண்டு பக்கமும் எத்தனை தடவை கோலை நோக்கி அடிக்க முயன்றார்கள் என்பதை எண்ணத் தொடங்கினார்கள். அதற்கு 'கோர்சி' எண்டு பெயர். பஃபலோவின் கோல் காப்பாளர் பயிற்றுநர் ஜிம் கோர்சியின் பெயரைச் சூட்டியவர் ஒரு பதிவர். இது வெறும் எண்ணிக்கைதான். ஆனால் தடுப்பாட்டக்காரருக்கு இது பெரிய விசயம், ஏனெண்டால் நடக்காமல் போனதை முதல்தடவையாக யாரோ எண்ணினார்கள். அவர் நிற்கும்போது எதிராளி அடிக்கவில்லை என்பது ஒரு இலக்கமாக வந்தது.

தொழில்முறை ஆட்கள் முதலில் சிரித்தார்கள். 2014 கோடையில் சிரிப்பு நின்றது. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் 28 வயதுக் கைல் டூபாஸை உதவி மேலாளராக்கி, புள்ளிவிபரம் எழுதிக்கொண்டிருந்த பதிவர்களை வேலைக்கு எடுத்தது. எட்மன்ரனும் எடுத்தது. வேதியியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற எரிக் ரல்ஸ்கி, ஓய்வு நேரத்தில் எழுதிய கட்டுரைகளால் கரோலைனா அணிக்குள் போய், 2024இல் அதன் பொது மேலாளரே ஆனார்.

ஆனால் இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. இளையோர் லீக்குகளில் அவ்வளவு விபரமாக யாரும் எண்ணுவதில்லை. அதனால் ரசிகர் கையில் கிடைத்தது பழையபடி கோலும் புள்ளியும். எந்த லீக்கின் ஒரு புள்ளி என்.எச்.எல்.லில் எத்தனைக்குச் சமன் எண்டு மாற்றிக் கணக்கிட்டார்கள். நல்ல முயற்சிதான். இருந்தாலும் அது புள்ளி எடுக்கிற தடுப்பாட்டக்காரரை உயர்த்தும், ஸ்லேவின் போன்றவரைத் திரும்பவும் மறைத்துவிடும்.

கண் மட்டும் இல்லை, கலண்டரும் பிழை விடும். 1980களின் நடுப்பகுதியில் கனடாவின் லெத்பிரிட்ஜ் நகரில் உளவியலாளர் றொஜர் பார்ன்ஸ்லி குடும்பத்தோடு ஒரு இளையோர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி போலா கையில் இருந்த நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஆட்டக்காரரின் பிறந்த திகதிகளைப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு பேர் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் எண்டு கேட்டார். கனடாவில் சிறுவர் ஹொக்கியின் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரிப் பிள்ளை டிசம்பர்ப் பிள்ளையைவிட ஏறக்குறைய ஒரு வருசம் பெரியது. ஒன்பது வயதில் ஒரு வருசம் எண்டால் ஒரு தலை உயரம். பெரியவன் திறமைசாலி எண்டு நல்ல அணிக்கு எடுக்கப்படுகிறான், கூடப் பயிற்சி கிடைக்கிறது, கடைசியில் உண்மையாகவே திறமைசாலியாகிறான். ஆராய்ச்சியைத் தொடக்கி வைத்தது போலாவின் கண். பிறகு வந்த ஆய்வாளர்கள், வருசத்தின் பின்பாதியில் பிறந்தவர்கள் ட்ராஃப்டில் கிடைத்த இடத்தைவிட நல்லாக ஆடுகிறார்கள் எண்டும் காட்டினார்கள்.

ட்ராஃப்டுக்கு வேறொரு எல்லை, செப்டெம்பர் 15. ஷேஃபர் பிறந்தது 2007 செப்டெம்பர் 5. பதினொரு நாள் பிந்திப் பிறந்திருந்தால் 2026 வரை காத்திருக்க வேண்டும். அந்த எலும்பு முறிவு, 17 ஆட்டம், ஆறு மாதச் சண்டை, ஒன்றும் இருந்திருக்காது.

நிறத்தையும் சொல்லாமல் விட ஏலாது. ஜமெய்க்காவில் இருந்தும் மொன்செராற்றில் இருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளை பி.கே. சுபன், ரொறன்ரோவில் வளர்ந்தவர், தகப்பன் பாடசாலை அதிபர். 2007இல் 43ஆவது. 2013இல் நொரிஸ். அவருடைய ஆட்டத்தைவிட, கோல் அடித்தால் அவர் எப்படிச் சந்தோசப்படுகிறார் என்பது பற்றித்தான் தொலைக்காட்சியில் கூடக் கதைத்தார்கள். அடக்கம் போதாதாம். இளையோரைப் பற்றி ரசிகர் எழுதும் குறிப்புகளில் 'குணம்', 'மனநிலை' எண்டு ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரிக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கலாம் எண்டு சுபனைப் பார்த்தால் விளங்கும்.

இவ்வளவும் ஆம்பிளைப் பெடியளின் கதை. பெண்களுக்கான தொழில்முறை லீக்கின் முதல் ட்ராஃப்ட் 2023 செப்டெம்பரில்தான் நடந்தது. அதில் இரண்டாவதாக ரொறன்ரோ எடுத்தது ஜோசலின் லரோக் என்ற தடுப்பாட்டக்காரியை. அப்போது அவருக்கு வயது 35. ஒலிம்பிக் தங்கம் எல்லாம் வென்று முடித்த பிறகு. அவர் விசயத்தில் ஒருத்தருக்கும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு காலம் காக்க வைத்திருந்தார்கள்.

அப்ப ரசிகர் கணிப்பது பிழையா? நாங்கள் மூன்று பேரும் இதில் ஒத்துப்போகவில்லை. ஒருவர், இது சந்தையில் மாடு பார்ப்பது போல எண்டார். இன்னொருவர், சி படிவக் காலத்தில் நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்ததைவிடப் பத்தாயிரம் பேர் திறந்தவெளியில் சண்டை பிடிப்பது நல்லது, அப்போதுதான் போலா மாதிரி ஒருத்தியின் கண்ணுக்கும் இடம் வரும் எண்டார். எங்களுக்கு இரண்டாவது பக்கம் கொஞ்சம் கூடச் சாய்வு. ஆனால் விக்கன்ஹைசரை மறக்க ஏலாது. சவாரை எடுக்கவேணும் எண்டு அன்றைக்குக் கத்தின ரசிகர் சரியாகத்தான் கணித்தார்கள். சரியாகக் கணித்தது அவர்களை நல்லவர்களாக்கவில்லை.

ஷேஃபர் 2025 ஒக்ரோபரில், பதினெட்டு வயதில், முதல் என்.எச்.எல். ஆட்டத்தை ஆடினார். மச்சான் அன்றைக்கு "சொன்னன் தானே" எண்டு அனுப்பினான். அவன் சொன்னது மீசாவை. நாங்கள் பழைய மெசேஜை எடுத்துத் திருப்பி அனுப்பினம்.

இப்போது அவனிடம் புதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது, பதினாறு வயதுத் தடுப்பாட்டக்காரர்கள் மட்டும். உயரம், நிறை, புள்ளி, எந்தக் கைப் பக்கம் மட்டை பிடிக்கிறார்கள், எல்லாம் எழுதியிருக்கிறான். பிறந்த மாதத்தையும் ஒரு நிரலாகப் போடடா எண்டு கேட்டம். ஏன் எண்டு கேட்டான். போடு, பிறகு சொல்லுறம் எண்டிருக்கிறம்.